படியிறங்காத விருந்தாளி

வந்தவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, 'அப்ப நான் கிளம்பறேன்' என்றுவிட்டால் விருந்தில் பாதி முடிந்ததென்று கொள்ளலாம். மீதிப் பாதி வாசலில். கொச்சியின் மட்டாஞ்சேரியில் இந்த ஆசாமி இல்லாத தெரு இல்லை. குஜராத்தி வீட்டில் 'ஆவ்ஜோ' என்பார், மலையாளி வீட்டில் 'வரட்டே' என்பார், தமிழ் வீட்டில் 'போயிட்டு வரேன்' என்பார். எந்த மொழியில் சொன்னாலும் நகரமாட்டார். ஒரு செருப்பு காலில் ஏறியிருக்கும், மற்றது படியோரம் கவிழ்ந்து கிடக்கும். அதைக் கட்டைவிரலால் நிமிர்த்துவார். பேச்சு சுவாரசியத்தில் மறுபடி கவிழ்த்துவிடுவார். அதற்குள் மிளகு விலை, மருமகனின் வேலை, பக்கத்து வீட்டு மதில் வழக்கு எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். யூதத் தெரு ஜெப ஆலயத்தில் 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டின் ஒரு முகத்தில் ரோமன் எண்கள், இன்னொன்றில் எபிரேய எண்கள். இரண்டுமே இவரை அசைத்ததில்லை.

வெட்டிப்பேச்சுக்காரர் என்று இவரை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் வந்த காரியம் நடப்பதே வாசலில்தான் என்பது என் கட்சி. கைமாற்று கேட்க வந்தவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. வரன் விசாரிக்க வந்தவரும் கூடத்தில் மழையையும் முழங்கால் வலியையும் பற்றியே பேசுவார். 'அட, சொல்ல மறந்துட்டேனே' என்று ஆரம்பிப்பது கதவு திறந்த பிறகு. பதில் 'முடியாது' என்று வந்தால் அப்படியே இறங்கிப் போய்விடலாம். கேட்டவரும் மறுத்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவஸ்தை மிச்சம். ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் தொலைபேசிப் பேச்சுகளை ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேச்சு தானாக நின்றுவிடாது, இருவரும் சேர்ந்துதான் அதை நிறுத்தியாக வேண்டும். முடிக்கப்போகிறோம் என்ற ஜாடைதான் அதுவரை சொல்லாததைச் சொல்ல இடம் தருகிறது என்றார்கள். மட்டாஞ்சேரி வாசற்படிகளுக்கு இது பழைய செய்தி.

காரியம் முடிந்ததும் போகலாமே, அடுப்பில் பால் இருக்கிறது என்று வீட்டு அம்மாள் முணுமுணுப்பது நியாயம்தான். ஆனால் உடனே போனால் காரியத்துக்காகவே வந்தது அம்பலமாகிவிடும்; அதை மறைக்க இன்னொரு கால்மணி நேரம் அரசியல் பேசியாக வேண்டும். வெள்ளைக்காரன் சொல்லாமலே நழுவிவிடுகிறானே என்பார்கள். அந்த வழக்கத்துக்கு ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர் பெயரை வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயர் பெயரை வைத்தார்கள். சொந்தம் கொண்டாட இரண்டு பேருக்கும் வெட்கம். கனமான ஆட்சேபம் வேறொன்று உண்டு. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்களே, அந்த விடைபெறலுக்கு இந்த வாசற்படிக் கலை உதவியிருக்குமா? உதவியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வருவோம் என்ற தைரியத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது. நம் ஆசாமி போவதோ பக்கத்திலிருக்கும் தோப்பும்படிக்கு. பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, குடையை வேறு உள்ளே விட்டுவிட்டுப் போகிறார்.