எஸ்டிமேட் பொய்ப்பதில்லை: மாடி எடுத்தல் குறித்த ஓர் ஆய்வு

இருக்கும் வீட்டின் மேல் மாடி எடுத்தவர்கள் எல்லோரும் கடைசியில் 'எஸ்டிமேட் தப்பிவிட்டது' என்கிறார்கள். ஆராயாமலே ஏற்கப்பட்ட இக்கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. எந்தக் கருவியையும் அது செய்ய வந்த வேலையைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். செலவை முன்கூட்டிச் சொல்வது எஸ்டிமேட்டின் வேலை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை. வேலையைத் தொடங்க வைப்பதே அதன் வேலை என்பதற்கோ சான்றுகள் தெருவெங்கும் நிற்கின்றன. கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கம் எழுதப்படும் அந்தத் தொகை, வீட்டுக்காரரின் சேமிப்பையும் நகைக்கடனையும் கூட்டினால் வருவதற்குச் சற்றே கீழே வந்து நின்றுவிடுகிறது. செங்கல்லும் ஜல்லியும் நம் பாஸ்புக்கைப் பார்த்து விலை வைப்பதில்லை. ஆகவே இப்பொருத்தத்தைத் தற்செயல் என்று தள்ள முடியாது. படிக்கட்டின் கைப்பிடி, மேல்நிலைத் தொட்டி, தளம் போடும் அன்று ஆட்களுக்குச் சாப்பாடு ஆகியவை அந்த உறையில் ஒருபோதும் இடம்பெறாததும் இதனால்தான். உறை சிறியது என்ற விளக்கம் போதாது.

விலைவாசி ஏறியதுதான் காரணம் என்பார்கள். சிமெண்ட் விலை ஏறுவது உண்மையே. ஆனால் வைகாசிக்கும் ஐப்பசிக்கும் இடையில் இரட்டிப்பாவதில்லை. மேலும், இது நம்மூர்க் கோளாறும் அல்ல. அமெரிக்காவில் சமையலறையைப் புதுப்பித்தவர்களிடம் 2002இல் எடுத்த கணக்கெடுப்பில், சராசரியாக 18,658 டாலர் ஆகும் என்று எதிர்பார்த்தவர்கள் 38,769 டாலர் செலவழித்திருந்தார்கள். இதைத் தன் நூலில் எடுத்துக்காட்டிய டேனியல் கானமன், திட்டமிடுவதில் மனிதர் செய்யும் பிழை என்றார். நோபல் பரிசு பெற்றவர் என்பதால் மரியாதையோடு மறுக்கிறோம்: 38,769 என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அந்தச் சமையலறைகளில் எத்தனை பழையபடியே இருந்திருக்கும்? அதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்போருக்கும் விடை உண்டு. உள்ள தொகையை உள்ளபடி சொன்ன மேஸ்திரிகளும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் டீ குடித்துவிட்டு, 'யோசித்துச் சொல்கிறோம்' என்ற பதிலோடு திரும்பிப் போனார்கள். குறைத்துச் சொன்னவருக்கே வேலை கிடைத்தது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு இங்கே பிசகின்றி நடக்கிறது. தேர்வு செய்யும் இயற்கை வீட்டுக்காரர்தான்.

முறையாகப் படித்த இன்ஜினியரிடம் கணக்குப் போடச் சொன்னால் என்ன என்று கேட்பது நியாயமே. ஒன்பது அங்குலச் சுவர் நூறு சதுர அடிக்குச் சுமார் ஆயிரம் செங்கல் என்று அவர் சரியாகவே சொல்வார். சிக்கல் அவருடைய கணக்கில் இல்லை. அறையின் அளவு அவர் கையில் இல்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் ஓர் அறை என்று வரைகிறார். மனையடி சாஸ்திரம் பார்க்கும் பெரியப்பா வருகிறார். பன்னிரண்டு ஆகாது, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தும் ஆகாது, பதினொன்று நல்லது, பதினாறு மிக நல்லது. பதினொன்றுக்குப் பதினாறு என்று சமரசம் ஏற்படுகிறது. 144 சதுர அடி அறை 176 ஆகிவிட்டது. இதில் பிழை செய்தவர் யார்? இன்ஜினியரும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. எதிர்பாராச் செலவுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கி வைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையும் நடைமுறையில் நிற்பதில்லை. ஒதுக்கிய பணம் கண்ணில் பட்டதும் வேங்கைக் கதவு தேக்குக் கதவாகிறது.

பெரிய திட்டங்களைத் தொடங்குவோரின் கண்ணிலிருந்து தொல்லைகளை ஒரு கை மறைத்துவைக்கிறது, இல்லாவிட்டால் எதுவுமே தொடங்காது என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1967இல் எழுதினார். அவர் ஆராய்ந்தவை உலக வங்கியின் திட்டங்கள். மொட்டைமாடிகளையும் பார்த்திருந்தால் கூடுதல் ஆதாரம் கிடைத்திருக்கும். எஸ்டிமேட்டால் வீட்டுக்காரர் உண்மையிலேயே நொந்துபோனார் என்றால், புதுமாடியின் மேல்தளத்தோடு தூண்களை முடித்துப் பூசியிருக்க வேண்டும். அவரோ கம்பியை நீட்டிவிடச் சொல்கிறார். ஒன்பது தூண், தூணுக்கு ஆறு கம்பி, கம்பிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 54 மீட்டர். 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ, ஆக ஏறத்தாழ 85 கிலோ இரும்பு, கடன் இன்னும் அடையாத நிலையில், இரண்டாம் மாடிக்காக மழையில் துருப்பிடிக்க விடப்படுகிறது. அந்த 85 கிலோவும் எஸ்டிமேட்டில் இல்லை.