திகதி மாறக்கூடாது

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்த மின்னஞ்சலை நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற பெரியப்பா கேட்டார்.

“ரிஃபியூஸோ?”

“ஓம் பெரியப்பா.”

“எத்தினை பக்கம்?”

நாலு வரி. இம்முறை விண்ணப்பங்களின் தரம் மிக உயர்ந்திருந்ததாம், தனித்தனியாகக் காரணம் சொல்ல முடியாததற்கு வருந்துகிறார்களாம். பெரியப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். கீழே வேறு ஏதும் இருக்கிறதா என்று திரையை உருட்டியும் பார்த்தார். 1989இல் அவருடைய அகதி விண்ணப்பத்தை முதல் தரம் மறுத்தவர்கள் ஒன்பது பக்கத்தில், பந்திக்குப் பந்தி இலக்கம் போட்டு எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் பிளாஸ்ரிக் உறைக்குள் இன்னும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

“அவங்கள் மரியாதையான ஆக்கள் பிள்ளை. நம்பாட்டியும் ஏன் நம்பேல்லை எண்டு சொன்னவங்கள். இவங்கள் பொம்பிளை பாக்க வந்து பலகாரத்தைச் சாப்பிட்டுட்டு, பிறகு சொல்லுறம் எண்டு போற ஆக்கள் மாதிரி. நீ அப்பீல் பண்ணு.”

இதற்கு அப்பீல் கிடையாது என்று அவருக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. முழுதாக விளங்கியதா என்பது வேறு விஷயம். பிறகும் இரண்டு கிழமை, “அந்த அப்பீல் என்ன மாதிரி?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

லண்டனில் எங்களுடைய ஆட்களுக்குத் தெரிந்த சொலிசிற்றர் ஒரே ஒரு வகை. ஹை றோட்டில், கோழிப்பொரியல் கடைக்கு மேல்மாடியில், ஒடுங்கிய படியில் ஏறிப் போனால், கோப்புக் குவியலுக்குப் பின்னால் இருந்து “அடுத்த ஹியரிங் எப்ப?” என்று கேட்பவர். நானோ சட்டம் படித்து முடித்த கையோடு, ஒரு கொம்பனி இன்னொரு கொம்பனியை வாங்கும்போது பத்திரம் எழுதும் பெரிய நிறுவனங்களுக்கு, பயிற்சிச் சொலிசிற்றராகச் சேர எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

“கொம்பனிக்கு என்ன விசாப் பிரச்சினை?”

சரியாகப் பிடித்தவர் யாழ்ப்பாணத்தில் இருந்து வட்ஸ்அப்பில் கதைத்த அம்மம்மாதான். “அப்ப நீ அப்புக்காத்து இல்லை. பிறக்கிராசி.” அச்சொட்டான பதில். இலங்கையில் 1974இலேயே அந்த இரண்டு பிரிவையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. அதை அம்மம்மாவும் ஏற்றுக்கொள்ளவில்லை, இங்கிலாந்தும் ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கே இன்றைக்கும் குதிரைமயிர்ப் பொய்முடியோடு மன்றில் எழும்பி நிற்பவர் பாரிஸ்ரர். மேசையில் இருந்து கடுதாசியோடு மாரடிப்பவர் சொலிசிற்றர்.

மாரடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பயிற்சி இரண்டு வருஷம். ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவாக நாலு பிரிவில் வேலை பழக வேண்டும். ஒவ்வொன்றையும் ‘சீற்’ என்பார்கள், அதாவது கதிரை. “ஆறு மாசத்துக்கு ஒருக்கா எழுப்பிவிடுறதெண்டால் அது சங்கீதக் கதிரையெல்லோ?” என்றார் அம்மா. அதைவிட, கதிரையில் இருக்க இரண்டு வருஷத்துக்கு முதலே இடம் பிடிக்க வேண்டும். 2020 இலையுதிர்காலத்தில் எழுதிப் போட்டால் வேலை 2022இல் அல்லது 2023இல். கோயிலில் யாரும் “பிள்ளை என்ன செய்யிறா?” என்று கேட்டால், அம்மா சலிக்காமல் “ரெண்டாயிரத்து இருபத்திமூண்டில வேலை” என்பார். கேட்டவர் அரிச்சனைத் தட்டோடு ஒரு நிமிஷம் அப்படியே நிற்பார்.

நான் அந்த வருஷம் பதினாலு நிறுவனங்களுக்கு எழுதினேன். ஒவ்வொரு படிவமும் பதினாறு வயதில் எடுத்த பரீட்சையில் தொடங்கி, பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை புள்ளி என்று தசமதானம் வரைக்கும் கேட்கும். அது பரவாயில்லை, உள்ளதை எழுதலாம். கஷ்டம் அதற்குப் பிறகு. ஏன் வணிகச் சட்டம்? ஏன் எங்கள் நிறுவனம்? ஏன் நீங்கள்? ஒவ்வொன்றுக்கும் இருநூற்றைம்பது சொல்.

முதல் கேள்விக்கு உண்மையான விடை இருநூற்றைம்பது சொல் வராது. சம்பளம் நல்லம், கண்ணாடிக் கட்டடம் வடிவு. ஐந்து சொல்லோடு முடிந்தது. ஆகவே, பங்குக் கொள்வனவு ஒப்பந்தங்கள் என்றால் தொட்டில் காலத்தில் இருந்தே எனக்கு உயிர் என்ற பாவனையில் எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் கேள்விக்கு, அந்த நிறுவனம் மற்ற நிறுவனங்களைப் போல இல்லை என்று நிறுவ வேண்டும். பதினாலு தரம் நிறுவினேன். பதினாலிலும் ஒரே பந்தி. பெயரை மட்டும் மாற்றினேன். ஒன்பதாவதில் பெயரையும் மாற்ற மறந்துபோனேன். தங்களுடைய போட்டி நிறுவனத்தில் சேர நான் எவ்வளவு துடியாய்த் துடிக்கிறேன் என்பதை ஒரு நிறுவனம் உருக்கமாக வாசித்திருக்கும்.

லண்டனின் பெயர்போன ஐந்து சட்ட நிறுவனங்களை ‘மஜிக் சேர்க்கிள்’ என்று ஒரு பட்டப்பெயரால் அழைப்பார்கள். அம்மாவுக்கு அது பேய் விரட்டுகிறவர் சாம்பலால் கீறுகிற வட்டம் மாதிரிக் கேட்டது. நான் அதைத் திருத்தப் போகவில்லை. உள்ளே போக முடியாது என்ற கருத்து இரண்டுக்கும் பொதுதானே. அந்த ஐந்தில் ஒன்று ஸ்லோட்டர் அண்ட் மே. 1889இல் தொடங்கிய இரண்டு துரைமாரின் பெயர். ஸ்லோட்டர் என்றால் மிருகம் அறுத்தல் என்று அகராதியில் பார்த்துவிட்டு வந்த அம்மா, “நாங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத ஆக்கள்” என்றார்.

படிவத்தைத் தாண்டினால் வற்சன் கிளேசர் சோதனை. முப்பது நிமிஷத்தில் நாற்பது கேள்வி. ஒரு சின்னப் பந்தி தருவார்கள். அதில் இருந்து பிறக்கும் ஒரு முடிவு உண்மையா, பெரும்பாலும் உண்மையா, தகவல் போதாதா, பெரும்பாலும் பொய்யா, பொய்யா என்று சொல்ல வேண்டும். நான் வளர்ந்த வீட்டில் ‘தகவல் போதாது’ என்று ஒரு தெரிவே இருந்ததில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற பிள்ளை ஒரே பெடியனோடு இரண்டு நாள் பஸ்ஸுக்கு நின்றாள் என்பது பந்தி. அம்மாவின் விடை ‘உண்மை’. சித்தியின் விடை ‘உண்மை, பெடியன்ர தாயை எனக்குத் தெரியும்’. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த நான் முதல் வருஷம் ஏழு சோதனை எழுதி ஆறில் விழுந்தேன். இது மூளைக்கு வைக்கிற சோதனை இல்லை, சொந்தக்காரருக்கு வைக்கிற சோதனை என்பது இன்றுவரைக்கும் என் கருத்து.

தப்பிய அந்த ஒன்றுக்கு வீடியோ நேர்முகம் வந்தது. எதிரில் ஆள் இல்லை. திரையில் கேள்வி விழும், முப்பது வினாடி யோசிக்கலாம், பிறகு இரண்டு நிமிஷம் உன் முகத்தை நீயே பார்த்துக்கொண்டு கதைக்க வேண்டும். தலையாட்ட யாரும் இல்லாத இடத்தில் மனிதர் கதைக்கக்கூடாது. கதைத்தால் நான் கதைத்த மாதிரித்தான் வரும். குழுவாக வேலை செய்த அனுபவம் என்ன என்று கேள்வி. அப்பாவின் கடையில் காசாளராக நின்றதைச் சொல்லத் தொடங்கினேன். பின்னால் கதவு திறந்தது. வல்லாரைச் சம்பலுக்குத் தேங்காய் துருவிய கையோடு அம்மா வந்து, கமராவைக் கண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். அந்தக் குழப்பத்தில் 2015இல் தொடங்கியது என்று சொல்லிவிட்டேன். படிவத்தில் எழுதியது 2014.

நாலு வரி வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. நடந்ததைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“திகதி மாறினதோ?”

“ஒரு வருஷம்தான் பெரியப்பா.”

“ஒரு வருஷம்தானோ? பிள்ளை, எனக்கு ஒன்பது பக்கம் வந்ததே கிழமை மாறினதுக்கு. கொழும்பில இருந்து வெளிக்கிட்டது செவ்வாயெண்டு ஒருக்காச் சொன்னனான், புதனெண்டு ஒருக்காச் சொன்னனான். பிளேன் வெளிக்கிட்டது நடுச்சாமம், நான் என்ன செய்ய?”

அன்றிரவே எனக்கு வகுப்பு தொடங்கியது. வணிக நிறுவனங்களின் ஆட்சேர்ப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் நேர்முகத்துக்குப் போய், தோற்று, மறுபடி போய், வென்ற மனிதர் அவர் ஒருவர்தான். பல்கலைக்கழகத்தில் இதற்கென்று காசு கொடுத்து வைத்திருந்த ஆலோசகர் எனக்குச் சொன்னது, சூழல், பணி, செயல், விளைவு என்று நாலு படியில் கதை சொல் என்பது. பெரியப்பாவின் சூத்திரம் அதைவிடச் சின்னது. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு. திகதி மாறக்கூடாது.

அப்பாவின் பங்களிப்பு எதிர்த் திசையில் இருந்தது. ‘அண்மையில் உங்கள் கவனத்தை ஈர்த்த வணிகச் செய்தி’ என்ற கேள்விக்கு, எல்லோரும் செய்வதுபோல் இளஞ்சிவப்புத் தாளில் வரும் வணிகப் பத்திரிகையில் இருந்து எதையாவது உருவி எழுதாமல், இரண்டாம் வருஷம் நான் அப்பாவின் கடையை எழுதினேன். 2018 ஏப்ரலில் இனிப்புப் பான வரி வந்தது. அப்போது நூறு மில்லிலீற்றரில் எட்டுக் கிராம் சீனியோ அதற்கு மேலோ இருந்தால் லீற்றருக்கு 24 பென்ஸ், ஐந்தில் இருந்து எட்டுக்குள் என்றால் 18 பென்ஸ். வரிக்குப் பயந்து கொம்பனிகள் சீனியைக் குறைத்தன. ஸ்கொட்லாந்துக்காரரின் ஐயன் புறூ பானமும் அந்த ஜனவரியில் செய்முறையை மாற்றியது. ஆட்கள் பழையதை வாங்கிப் பதுக்கினார்கள். எங்கள் கடைக்கு வரும் ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவருக்காக அப்பா பழைய சரக்கில் முப்பது பெட்டி பின்னறையில் ஒளித்து வைத்தார். மாதத்துக்கு ஒரு பெட்டி, கொஞ்சம் கூட்டின விலைக்கு. வரி, வழங்கல், கேள்வி, வாடிக்கையாளர் விசுவாசம் எல்லாம் அந்தப் பின்னறையில் இருந்தன. பெருமையோடு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“பெட்டிக் கணக்கை ஏன் எழுதினனீ?” என்றார். “வாசிக்கிறவன் இன்கம்ராக்ஸ்காரனுக்குத் தெரிஞ்ச ஆளாயிருந்தால்?”

அந்தப் படிவம்தான் என்னை 2022 வசந்தத்தில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. காலை குழுப் பயிற்சி. ஆறு பேர் வட்டமாக இருந்து, ஒரு கற்பனைக் கொம்பனியை வாங்குவதா விடுவதா என்று விவாதிக்க வேண்டும், சுவரோரம் மூன்று பேர் எங்களைப் பார்த்துக் குறிப்பு எடுப்பார்கள். அவ்வளவு பண்பான வாக்குவாதத்தை நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. “அருமையான கருத்து” என்று ஒருவரை ஒருவர் புகழ்ந்ததிலேயே பாதி நேரம் போனது. நேரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன் தானாக முன்வந்தான். அது தலைமைப் பண்பாம். வாய் திறக்காமல் இருந்த ஒரு பெண்ணிடம் நாலு பேர் ஒரே நேரத்தில் திரும்பி “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டோம். அதுவும் தலைமைப் பண்பு. அந்தப் பிள்ளை பயந்துபோனாள்.

மத்தியானம் பயிற்சிச் சொலிசிற்றர்களோடு சாப்பாடு. “இதற்குப் புள்ளி இல்லை, ஆறுதலாகச் சாப்பிடுங்கள்” என்றார்கள். சொன்ன விதத்திலேயே எல்லோருக்கும் பசி போய்விட்டது.

பின்னேரம் இரண்டு பார்ட்னர்கள். மேசையில் என் படிவம், மஞ்சள் மையால் கோடு கீறியபடி. முதல் கேள்வி, கடையில் எப்போது தொடங்கினீர்கள்? 2014 ஜூன் என்றேன். பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். பிறகு பார்ட்னர்களில் ஒருவர், ஒரு பங்காளர் தன் பங்கை வெளியாளுக்கு விற்க முதல் மற்றப் பங்காளரிடம் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தங்களில் வருமே, அது ஏன் என்று கேட்டார். முன்னுரிமைக் கொள்வனவு உரிமை. புத்தகத்தில் படித்தது எல்லாம் அந்த நேரம் மறந்துபோனது. வாயில் வந்தது அம்மம்மாவின் பங்குக் கிணறு. கூட்டாகக் காணி வைத்திருப்பவர் தன் பங்கை மற்றப் பங்குக்காரருக்கும் உரித்துக்காரருக்கும் அறிவிக்காமல் பிறத்தியாருக்கு விற்றால் வழக்கு வரும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் ஆக்கிய தேசவழமை அப்படி. இரவில் யார் துலாவில் கை வைப்பது என்று தெரியாத ஆளோடு ஒரு கிணற்றைப் பங்குபோட யாருக்கும் விருப்பமில்லை. கொம்பனியும் அப்படித்தான் என்றேன்.

“துலா என்றால்?” என்று மற்றவர் கேட்டார். மிச்ச நேரம் முழுக்க நான் கையை ஏற்றி இறக்கித் துலா இழுத்துக் காட்டினேன்.

மின்னஞ்சல் வராமல் தொலைபேசி வந்தால் நல்ல செய்தி. வந்தது. அம்மா கோயிலில் திகதியைத் திருத்திச் சொன்னார்: “இருபத்திநாலில.” இடையில் புதிய தகுதிப் பரீட்சை: முதற்பகுதியில் மட்டும் 360 பல்தேர்வுக் கேள்வி. அதைப் பற்றி எழுதினால் இது நகைச்சுவைக் கட்டுரையாக இராது.

முதல் கதிரையில் இருந்த மூன்றாம் கிழமை எனக்குத் தந்த வேலை, ஒரு கொம்பனி விற்பனைக்கான பத்திரங்களை அடுக்கி வைப்பது. எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்திருந்தது. திகதி மட்டும் ஒன்றிலும் இல்லை. தவறு கண்டுபிடித்த சந்தோஷத்தில் மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் சிரித்தார். கையெழுத்தை முந்தியே வாங்கி வைப்பதுதான் வழக்கமாம். காசு கைமாறும் நாளில்தான் திகதி போடுவதாம். வியாழன் என்றுதான் இருந்தது, திங்களுக்குத் தள்ளிப் போனாலும் போகும், ஆகவே பேனையை எடுக்காதே என்றார்.

இரவு வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கன நேரம் பேசவில்லை. பிறகு எழும்பி உள்ளே போய், அந்தப் பிளாஸ்ரிக் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“திங்களுக்குத் தள்ளினாலும் பிரச்சினை இல்லையோ?”

“இல்லை பெரியப்பா.”

“செவ்வாய்க்கு?”

“பிரச்சினை இல்லை.”

“புதனுக்கு?” என்றார்.