மயங்கி விழும் அண்ணன்

ஆடி பிறந்தால் போதும், அண்ணன் மயங்கி விழ ஆரம்பித்துவிடுவார்.

சீரியலில் மருமகள் கதவைத் திறக்கப் போகும் நேரம் பார்த்து விளம்பரத்தில் வருவார். விற்பனைப் பெண் சேலையை விரித்து விலையைச் சொல்வாள். அண்ணன் கண்ணை உருட்டுவார், நெஞ்சைப் பிடிப்பார், "என்னது, இம்புட்டுத்தானா?" என்று அப்படியே பின்னால் சாய்வார். மூன்று பேர் தாங்குவார்கள். ஒருத்தி தண்ணீர் தெளிப்பாள். கண் விழித்தால் எதிரே மிக்சி. அதன் விலைக்கும் ஒரு சாய்வு. குக்கருக்கு ஒன்று, நாலு வேட்டிக்கு ஒன்று. இத்தனை தரம் விழுந்தவர் அந்தக் கடையில் ஒரு கர்சீப்பாவது வாங்கி நான் பார்த்ததில்லை.

பேசுவது மதுரைப் பேச்சாம். வடிவேலுவும் சூரியும் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்பதால், வரிக்கு வரி 'வந்தாய்ங்க, போனாய்ங்க' தூவினால் மதுரை ஆகிவிடும் என்ற நினைப்பு. அண்ணன் பெற்ற தாயையே 'வந்தாய்ங்க' என்கிறார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. வசந்தகுமார் அண்ணாச்சி தம் கடை விளம்பரத்தில் தாமே வந்து நின்றார். சரவணன் தம் கடைக்குத் தாமே ஆடி, 2022இல் 'தி லெஜண்ட்' கதாநாயகனாகவே ஆகிவிட்டார். விவேக்கே அந்தப் படத்தில் துணைக்குத்தான். முதலாளிகள் நடிக்க வந்தபின் நடிகர் விழாமல் என்ன செய்வார்?

விளக்குத்தூண் பக்கம் கடை வாசலில் ஒரு பையன், "வாங்கக்கா, சும்மா பாத்துட்டுப் போங்கக்கா" என்று காலையிலிருந்து கத்துகிறான். தினக்கூலி. அவன் மயங்கி விழுந்தால் அது வெயிலால்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இந்த மயக்கம் அதில் சேருமா என்று வக்கீல் நண்பரைக் கேட்டேன். "அது நடிப்புய்யா" என்றார். கொஞ்சம் யோசித்து, "நடிப்புன்னும் சொல்ல முடியாது" என்றார்.

எங்கள் அப்பத்தாவிடம் மட்டும் அந்த மயக்கம் பலித்துவிட்டது. "முந்தி எத்தனை படத்துல வந்த புள்ள. இப்பிடி விழுந்து விழுந்து எந்திரிக்குது, ஒரு சேலையாச்சும் எடுக்க வேணாமா?" என்று மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டது. பாதி விலை என்று எடுத்தோம். வீட்டில் மேல் சீட்டைச் சுரண்டினால் அடிச் சீட்டிலும் அதே விலை. முதல் நனைப்பிலேயே வாளித் தண்ணீர் ரத்தச் சிவப்பு.

நான் கத்தினேன்.

"அவன் என்னடா பண்ணுவான், பாவம்" என்றது அப்பத்தா. டிவியில் அண்ணன் நெஞ்சைப் பிடித்தார்.

"பாத்துய்யா, பாத்து. மண்டையில அடிபட்டுறப் போகுது."