வெள்ளி விரதமும் ஒரு விசாரணையும்

வெள்ளவத்தையில் முப்பத்தைந்து வயதில் கலியாணம் கட்டாமல், நிம்மதியாகக் கோயிலுக்குப் போய்வருவது சந்தேகத்துக்குரிய செயல். வெள்ளி விரதமென்றால், "நல்ல மாப்பிள்ளைக்குத்தானே, பிள்ளை?" திருமந்திரம் முழுதும் படித்து முடிக்கப்போகிறேன் என்றால் அன்ரி குறிப்பைக் கேட்பா. செவ்வாய் தோசம் இல்லையென்றால் அவவுக்குத்தான் ஏமாற்றம். பிள்ளையாரும் பிரமச்சாரிதான், அவரிடம் ஒருவரும் குறிப்புக் கேட்பதில்லை.

இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் விபுலானந்தர் பற்றிய பேச்சென்றால் அதே அன்ரி உருகிவிடுவா. 1924இல் துறவு, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1947இல் 'யாழ் நூல்'. "குடும்பமெண்டு இருந்திருந்தா இவ்வளவும் செய்திருப்பாரே!"

வெளியே செருப்புத் தேடும்போது குரலைத் தாழ்த்தினா: "கனடாவில ஒரு பொடியன், பிள்ளை. டிவோர்ஸ்தான். ஆனா சுத்த சைவம்."