ஸ்பிரிங் சுமக்கும், ஷாக் அடக்கும்

கே: 'ஸ்போர்ட்' பட்டனை அழுத்தினால் காரின் ஸ்பிரிங் இறுகிவிடுகிறதா?

ப: ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கிறது. இறுகுவது ஷாக் அப்சார்பர். எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அது போடுகிற ஆட்டத்தை அடக்குவது ஷாக். ஏர் சஸ்பென்ஷன் இல்லாத காரில் பட்டனை அழுத்திவிட்டு உயரத்தை அளந்து பாருங்கள், ஒரு மில்லிமீட்டர்கூட மாறியிருக்காது. நின்றிருக்கும் காருக்கு அந்தப் பட்டனால் எந்த வித்தியாசமும் இல்லை. ஓடும்போதுதான் இருக்கிறது எல்லாம்.

கே: ஷாக்குக்குள் அப்படி என்னதான் மாறுகிறது?

ப: எண்ணெய் போகிற வழி. குழாய் நிறைய எண்ணெய், நடுவில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துவாரங்கள். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெய் அந்தத் துவாரங்கள் வழியே பிதுங்கிப் போயாக வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை மெதுவாக அசைத்தால் சுலபமாகப் போகும், வேகமாக வீசினால் தண்ணீர் எதிர்த்து நிற்கும் அல்லவா? அதே கதைதான். ஆட்டத்தின் சக்தி முழுக்க எண்ணெயில் சூடாக மாறி வெளியேறுகிறது. கரடுமுரடான சாலையில் விரட்டிக்கொண்டு வந்த காரின் ஷாக்கைத் தொட்டால் கை சுடும்.

சாதாரண ஷாக்கில் எவ்வளவு வழிவிடுவது என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். எலக்ட்ரானிக் ஷாக்கில் அந்த வால்வை மின்காந்தம் இயக்குகிறது. மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் வழியும் மாறும். எலக்ட்ரானிக் ஷாக் உள்ள பெரும்பாலான கார்களில் இருப்பது இந்த வகைதான்.

கே: காந்தத்தை வைத்து எண்ணெயையே கெட்டியாக்குகிறார்களாமே, நிஜமா?

ப: நிஜம்தான். சஸ்பென்ஷன் உலகில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடும் அதுதான். இந்த எண்ணெயில் சில மைக்ரான் பருமனே உள்ள இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். பிஸ்டனுக்குள் ஒரு கம்பிச்சுருள். சுருளில் மின்சாரம் இல்லாதபோது துகள்கள் சிதறி மிதக்கும், எண்ணெயும் தாராளமாக ஓடும். மின்சாரம் பாய்ந்ததும் பிஸ்டனின் குறுகிய இடுக்கில் இருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே சங்கிலி சங்கிலியாக நின்றுவிடும். அவற்றை அறுத்துக்கொண்டுதான் எண்ணெய் போக முடியும். மின்சாரத்தைக் கூட்டினால் சங்கிலி வலுக்கும், நிறுத்தினால் கலைந்துவிடும். சில மில்லிவிநாடிக்குள் எல்லாம் நடந்து முடிகிறது. திறந்து மூட மின்வால்வு எதுவும் வேண்டியதில்லை.

ஜேக்கப் ராபினோ என்ற அமெரிக்கர் 1940களின் கடைசியில் கிளட்சுக்காக உருவாக்கிய திரவம் இது. அரை நூற்றாண்டு கழித்து, 2002-இல், 'மேக்னரைடு' என்ற பெயரில் காடிலாக் செவில் காரின் ஷாக்குக்குள் போனது. பிறகு கார்வெட், ஃபெராரி 599, ஆடி ஆர்8 என்று வரிசையாக ஏற்றுக்கொண்டார்கள்.

கே: பள்ளம் வருவது காருக்கு முன்னாலேயே தெரியுமா?

ப: பெரும்பாலான கார்களுக்குத் தெரியாது, சக்கரம் இறங்கும்போதுதான் தெரியும். ஆனாலும் நேரம் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 10 மில்லிவிநாடியில் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர்தான் நகரும். அரை மீட்டர் அகலப் பள்ளத்தில் இறங்கும் முன்சக்கரம் எதிர் விளிம்பில் மோதுவதற்குள் ஷாக் தன்னை மாற்றிக்கொண்டுவிடலாம். பின்சக்கரம் இன்னும் பாக்கியசாலி. இரண்டுக்கும் இடையில் இரண்டரை மீட்டர் என்றால், அதே பள்ளம் அதனிடம் வந்துசேர 90 மில்லிவிநாடி ஆகும். 2013-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் சாலையை முன்கூட்டியே பார்க்கிற கேமராவையும் வைக்க முடிந்தது.

கே: எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

ப: சக்கரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, பாடி எப்படி அசைகிறது, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, பிரேக்கில் எவ்வளவு அழுத்தம் என்றெல்லாம் சென்சார்கள் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அவற்றை வைத்து முடிவெடுக்கும் கணக்கு, டீன் கார்னாப்பும் அவருடைய கூட்டாளிகளும் 1974-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. காரின் பாடியை வானத்தில் ஒரு கொக்கியில் மாட்டி, அங்கிருந்து ஒரு ஷாக்கால் பிடித்துக்கொண்டால் சாலை எப்படி இருந்தாலும் பாடி ஆடாது. வானத்தில் கொக்கி கிடையாது. ஆனால், இருப்பதைப் போல நடிக்கலாம்.

எப்படி? பாடி மேலே எழும்புகிறது, ஷாக்கும் நீள்கிறது என்றால் உடனே இறுக்கு. அந்த இழுப்பு பாடியைக் கீழே பிடிக்கும். பாடி மேலே போகிறது, ஆனால் சக்கரம் அதைவிட வேகமாக ஏறி ஷாக்கை அமுக்குகிறது என்றால் தளர்த்து. இறுக்கினால் பாடிக்கு இன்னொரு தள்ளு கிடைத்துவிடும். பாடி கீழே வரும்போது இதையே தலைகீழாகச் செய். இந்த இறுக்கு, தளர்த்து முடிவு ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை எடுக்கப்படுகிறது. ஒரு பட்டனில் மூன்றே நிலைகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

கே: வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் எப்போதும் 'ஸ்போர்ட்'தானே சரி?

ப: இல்லை. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், பலர் ஏமாறுவதும் இதில்தான். டயர் சாலையை அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் காருக்குப் பிடிப்பு. மேடுபள்ளத்தில் ஷாக் அளவுக்கு மீறி இறுகியிருந்தால், மேட்டில் ஏறிய சக்கரம் இறங்கி வர நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் டயரின் அழுத்தம் குறைகிறது, சில சமயம் தரையை விட்டே எழும்பிவிடுகிறது. ஸ்டியரிங்கில் தடதடவென்று வருவதைப் பலர் வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பிடிப்பு போகிற சத்தம்.

மைக்கேல் ஷூமேக்கருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 2007-இல் ஃபெராரி 430 ஸ்குடேரியாவை உருவாக்கியபோது, எஞ்சினும் கியரும் ரேஸ் நிலையிலேயே இருக்க, ஷாக்கை மட்டும் தளர்த்தத் தனிப் பட்டன் வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். உலகின் மிக வேகமான ஓட்டுநர் மென்மையைக் கேட்டு வாங்கினார். அந்தப் பட்டன் இன்றும் ஃபெராரி கார்களில் தொடர்கிறது. வழுவழுப்பான ரேஸ் டிராக்கில் இறுக்கம் நல்லது. சாதாரணச் சாலையில் நடு நிலையே பெரும்பாலும் வேகமானது.

கே: ஃபார்முலா 1-இல் தடை செய்த சஸ்பென்ஷன் இதுதானா?

ப: அது வேறு. இங்கே ஷாக்கால் எதிர்க்க மட்டுமே முடியும், சக்கரத்தைத் தானாகத் தள்ளவோ தூக்கவோ முடியாது. 1992-இல் நைஜல் மான்செல் ஓட்டிய வில்லியம்ஸ் காரில் ஹைட்ராலிக் சக்தியே சக்கரங்களைத் தள்ளியும் இழுத்தும் காரை ஒரே மட்டத்தில் வைத்திருந்தது. அந்த சீசனின் முதல் ஐந்து பந்தயங்களிலும் அவருக்கே வெற்றி. 1994-இல் தடை வந்தது. அதற்கு உறவான யோசனையை 2022-இல் வந்த ஃபெராரி புரோசாங்குவேயில் பார்க்கலாம். அதில் நான்கு ஷாக்குகளிலும் 48 வோல்ட் மோட்டார் ஒன்று உண்டு.

கே: ஷாக்கை எலக்ட்ரானிக் முறையில் இறுக்கித் தளர்த்தும் வேலையை முதலில் செய்தது ஜெர்மானியர்களா?

ப: ஜப்பானியர்கள். டொயோட்டா சோரர், 1983.

கே: ஓடும்போது மின்சாரம் நின்றுபோனால் கார் உட்கார்ந்துவிடுமா?

ப: ஸ்பிரிங் இருக்கிறதே, உட்காராது. காந்த எண்ணெய் ஷாக் என்றால் தளர்ந்துபோய், கார் அதிகமாக ஆடும். வால்வு வகையில் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே முன்கூட்டித் தீர்மானித்திருப்பார். இரண்டிலும் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். வேகத்தைக் குறைத்து ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம்.

கே: செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு கார் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

ப: காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நான்கு ஷாக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உடல் முழுக்க எண்ணெய் ஈரமும் அதில் ஒட்டிய புழுதியும் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சக்கரத்தருகே உயர சென்சாரின் சிறு கம்பி வளைந்தோ கழன்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். காரைத் தாழ்த்துவதற்காக யாராவது ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால், சென்சார் காட்டுவதும் ஷாக்கின் கணக்கும் பொருந்தாமல் போயிருக்கலாம். 'சாதாரண ஷாக் போட்டுக்கொள்ளலாம் சார்' என்று விற்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எச்சரிக்கை விளக்கும் அணையாது, நீங்கள் ஆசைப்பட்ட காரும் அதில் இருக்காது. அந்த மாடலின் ஷாக் ஒரு ஜோடி என்ன விலை என்று முதலில் கேட்டுக்கொண்டு, பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.