அட்டை இருக்கா?

இந்த வாரத் தபால் பையில் பாதிக் கடிதங்கள் அமெரிக்க ஆஸ்பத்திரி பற்றியவை. பிள்ளைகள் அங்கே, பெற்றவர்களின் தூக்கம் எங்கே? அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

கே: அமெரிக்க ஆஸ்பத்திரி வாசலில் முதல் கேள்வி என்ன?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

ப: பெயர், பிறந்த தேதி, இன்ஷூரன்ஸ் அட்டை. "உடம்புக்கு என்ன?" என்பது அப்புறம். எமர்ஜென்சியில் மட்டும் வரிசை மாறும். அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, பரிசோதித்து ஆபத்தைத் தாண்ட வைக்க வேண்டும் என்று 1986-ல் சட்டம் போட்டார்கள். பில் வராது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பிழைத்தவர் வீட்டுக்குப் போவார். பின்னாலேயே தபால்காரர் வருவார்.

கே: அட்டை இல்லாதவர்கள் எத்தனை பேர்?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ப: 2023 கணக்குப்படி சுமார் 2 கோடியே 60 லட்சம். நூற்றுக்கு எட்டுப் பேர். 2010-ல் இது நாலரைக் கோடிக்கும் மேல். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியில்தானே தண்ணீர் இருக்கிறது, மகளே!

கே: வேலைக்குப் போனால் இன்ஷூரன்ஸ் தருகிறார்களே! இல்லாதவர்கள் சோம்பேறிகள்தானே?
(வியாபாரி, விருதுநகர்)

ப: அண்ணாச்சி, அவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் குடும்பத்தினர். ஓட்டல் சமையற்கட்டு, கட்டட வேலை, குழந்தைகள் காப்பகம், வாடகைக் கார். 50 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிக்குக் காப்பீடு தர வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய கம்பெனியிலும் வாரம் 30 மணி நேரம் உழைப்பவர்தான் முழுநேர ஊழியர். ஒருவரை 29 மணி நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பினால் அவர் சோம்பேறி அல்ல. அனுப்பியவர் கணக்கில் புலி.

கே: வேலைக்கும் வைத்தியத்துக்கும் முடிச்சுப் போட்டவர் யார்?
(வங்கி ஊழியர், கும்பகோணம்)

ப: இரண்டாம் உலகப் போர்!

அதற்கு முன்பே விதை விழுந்திருந்தது. 1929-ல் டல்லாஸ் நகரத்து பேய்லர் ஆஸ்பத்திரி, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு 21 நாள் படுக்கைக்கு உத்தரவாதம் தந்தது. எளிமையான, நல்ல ஏற்பாடு.

1942-ல் விலைவாசிக்குப் பயந்து, சம்பளத்தை ஏற்றக் கூடாது என்று அரசு பூட்டுப் போட்டது. இளைஞர்கள் போர்முனையில், தொழிற்சாலையில் ஆள் பஞ்சம். சம்பளத்தை ஏற்றாமல் ஆளை இழுப்பது எப்படி? "வைத்தியச் செலவு எங்களுடையது" என்றார்கள் முதலாளிகள். அது சம்பளம் ஆகாது என்று அரசும் ஒப்புக்கொண்டது. அதற்கு வருமான வரி கிடையாது என்று 1954 வரிச் சட்டம் உறுதி செய்தது. போர் 1945-லேயே முடிந்துவிட்டது. முடிச்சு மட்டும் அவிழவில்லை.

கே: மகன் டெக்ஸஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். ஆள் குறைப்பு என்கிறார்கள். வேலை போனால் இன்ஷூரன்ஸ்?
(ஒரு தாய், கோவை)

ப: வேலையோடு அதுவும் போகும் அம்மா. பழைய பாலிசியையே பெரும்பாலும் 18 மாதம் வரை நீட்டிக்கொள்ள ஒரு சட்டம் உண்டு. ஆனால் இதுவரை கம்பெனி கட்டிய பங்கையும் மகனே கட்ட வேண்டும். மேலே நூற்றுக்கு இரண்டு நிர்வாகச் செலவு. சட்டத்தின் சுருக்கப் பெயர் கோப்ரா. படமெடுப்பது பிரீமியம்.

இன்னொரு வழி: பழைய காப்பீடு நின்ற 60 நாளுக்குள் அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் புதுப் பாலிசி எடுக்கலாம். வேலை விசாவில் இருப்பவரும் எடுக்கலாம். தவறினால் ஆண்டு இறுதிச் சேர்க்கை வரை காத்திருக்க நேரும். இன்று இரவு போனில் "சாப்பிட்டாயா?" கேட்டவுடன் இதையும் சொல்லிவிடுங்கள்.

கே: மெடிகேர், மெடிகெய்ட்: இரட்டைப் பிள்ளைகளா?
(மருந்துக்கடை உரிமையாளர், ஈரோடு)

ப: ஆமாம். ஒரே கையெழுத்தில், 1965 ஜூலை 30 அன்று பிறந்தவை. மெடிகேர் 65 வயது தாண்டியவர்களுக்கு; மெடிகெய்ட் ஏழைகளுக்கு. அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட மிசௌரி மாநிலத்துக்கு, முன்னாள் அதிபர் ட்ரூமனின் ஊருக்கே போனார். முதல் மெடிகேர் அட்டையும் ட்ரூமனுக்குத்தான். எல்லோருக்கும் காப்பீடு வேண்டும் என்று 1945-ல் காங்கிரஸிடம் கேட்டுத் தோற்றவர் அவர். கேட்டபோது வயது 61. அட்டை கைக்கு வந்தபோது 81.

கே: ட்ரூமனைத் தோற்கடித்தது யார்?
(வழக்கறிஞர், மதுரை)

ப: டாக்டர்கள். அமெரிக்க மருத்துவர் சங்கம் "இது சோஷலிச வைத்தியம்" என்று நாடெங்கும் பிரசாரம் செய்தது. 1961-ல் மறுபடி பேச்சு எழுந்ததும், நடிகர் ரொனால்ட் ரீகன் குரலில் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்தாரைக் காபிக்குக் கூப்பிட்டுத் தட்டைச் சுழலவிட்டார்கள். திட்டத்தின் பெயர் "ஆபரேஷன் காபி கப்". நாலே வருடத்தில் மெடிகேர் வந்துவிட்டது. ஆபரேஷன் தோல்வி, நோயாளி நலம்.

கே: ஒபாமாகேர் என்பது சட்டத்தின் பெயரா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்)

ப: எதிரிகள் வைத்த பட்டப்பெயர் தம்பி. சட்டப் பெயரின் பொருள் "கட்டுப்படியாகும் சிகிச்சை". 2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்திட்டார். பிற்பாடு அவரே அந்தப் பட்டப்பெயரை ஏற்றுக்கொண்டார். எறிந்த கல்லை எடுத்துப் படிக்கட்டில் பதித்துக்கொண்டார்!

கே: ஏற்கெனவே நோய் இருந்தால் பாலிசி கிடையாதாமே?
(சர்க்கரை நோயாளி, சேலம்)

ப: அது பழைய கதை. 2014 முதல் மறுக்கவும் முடியாது, நோயைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. அதற்கு முன் சர்க்கரை, ஆஸ்துமா, புற்றுநோய் எல்லாம் கதவடைப்புக்குக் காரணங்கள். தனியாகப் பாலிசி வாங்கப் போன பெண்ணிடம், கர்ப்பத்தையே "முன்பே உள்ள நோய்" என்று சொன்ன கம்பெனிகள் உண்டு. அப்படி எழுதிய புண்ணியவானும் ஒரு வயிற்றில் பத்து மாதம் இருந்தவர்தான்.

கே: கல்லு மாதிரி இருக்கும் இளைஞன் எதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும்?
(ஜிம் பயிற்சியாளர், சென்னை)

ப: உங்கள் தெருவில் சீட்டு நடத்தும் அக்காவைக் கேளுங்கள். முதல் மாதமே சீட்டெடுக்கத் துடிப்பவர்கள் மட்டும் சேர்ந்தால் சீட்டு ஓடுமா? அவசரமில்லாத நாலு பேர் பணம் கட்டினால்தான் அவசரக்காரருக்குக் கிடைக்கும். அதனால்தான் சட்டம் "எல்லோரும் வாங்கு, இல்லையேல் அபராதம்" என்றது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை ஒரு வகை வரி என்று ஏற்றது. 2017-ல் ஒரு வரிச் சட்டம், 2019 முதல் அபராதம் பூஜ்யம் டாலர் என்று ஆக்கியது. கட்டாயம் ஏட்டில் இருக்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

கே: அந்தத் தீர்ப்பில் ஜெயித்தது ஒபாமா. தோற்றது யார்?
(நீதிமன்ற எழுத்தர், திருச்சி)

ப: நல்ல கேள்வி. தோற்றது டெக்ஸஸில் இருக்கும் ஏழை.

சட்டத்தின் திட்டம் இது: வறுமைக் கோட்டை ஒட்டியும் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கு மெடிகெய்ட், மேலே இருப்பவர்களுக்குப் பிரீமியத்தில் மானியம். மெடிகெய்ட் விரிவாக்கத்தை மாநிலங்கள் மீது திணிக்கக் கூடாது, விருப்பம் என்றது நீதிமன்றம். 2025-லும் டெக்ஸஸ் உட்பட 10 மாநிலங்கள் ஏற்கவில்லை. விரிவாக்கச் செலவில் 90 சதவீதம் மத்திய அரசு தருகிறேன் என்கிறது. அப்படியும் வேண்டாம் என்கிறார்கள். டெக்ஸஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு அமெரிக்க மாநிலங்களும் ஏற்றுவிட்டன.

விளைவு? டெக்ஸஸில் பிள்ளை இல்லாத, உடல் ஊனமில்லாத ஒருவர் எவ்வளவு ஏழையானாலும் மெடிகெய்ட் கிடையாது. வருமானம் கோட்டைத் தாண்டவில்லை என்பதால் மானியமும் கிடையாது. சம்பாதித்தால் உதவி, இல்லாவிட்டால் இல்லை. ஏணியை மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் கீழே இருப்பவரை ஏறு என்கிறார்கள்.

கே: வேலை பார்த்தால்தான் மெடிகெய்ட் என்று புதுச் சட்டமாமே? நியாயம்தானே?
(தொழிற்சங்கத் தோழர், ஆவடி)

ப: 2025 ஜூலையில் வந்த சட்டம். விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்ததாக நிரூபிக்க வேண்டும். "நியாயம்" என்று சொல்வதற்கு முன் ஆர்கன்சாவைப் பாருங்கள் தோழரே. 2018-ல் அங்கே இதையே செய்தார்கள். சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீடு இழந்தார்கள். வேலைக்குப் போனவர் எண்ணிக்கை கூடவில்லை என்று ஆய்வு சொன்னது. 2019-ல் நீதிபதி தடுத்தார்.

உழைத்த மணியை இணையதளத்தில் பதிய வேண்டும் என்பது ஆர்கன்சாவின் விதி. அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத் திறந்தது. உழைத்தவர் வீடு திரும்பினார், இணையதளம் தூங்கிவிட்டது.

கே: காப்பீட்டைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்களா? நம்ப முடியவில்லை.
(லாட்டரியை விட்டுவிட்டவர், நாகர்கோவில்)

ப: நம்புங்கள். 2008, ஒரிகன் மாநிலம். மெடிகெய்டில் சுமார் 10,000 இடம். பெயர் கொடுத்தவர்கள் சுமார் 90,000 பேர். குலுக்கினார்கள். பொருளாதார அறிஞர்கள் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில் ரத்த அழுத்தத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மனச்சோர்வும் மருத்துவக் கடனும் தெளிவாகக் குறைந்தன. நோயை மாத்திரை பார்த்துக்கொள்ளும். பில் பயத்துக்கு அட்டைதான் மாத்திரை.

கே: அட்டை உள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு ஒரு விலையா?
(காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்)

ப: ஆமாம். மூட்டை மூட்டையாய் எடுப்பவருக்கு நீங்கள் விலை குறைப்பீர்கள் அல்லவா? ஆயிரக்கணக்கில் நோயாளி அனுப்பும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆஸ்பத்திரியும் குறைக்கும். தனியாக வருபவர் தலையில் முழுப் பட்டியல் விலை விழும். மனைவி தாலியை விற்று வாங்க வருபவரிடம் நீங்கள் முழு விலை கேட்க மாட்டீர்கள்.

அங்கே மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது: இனவாரி பில் கேளுங்கள். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரியென்றால் ஏழைகளுக்கான உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விண்ணப்பத்தை வாயைத் திறந்து கேளுங்கள். கேட்காத பிள்ளைக்குப் பால் கிடையாது.

கே: அமெரிக்கா மருத்துவத்துக்குப் பணம் ஒதுக்குவதில்லையா?
(பொருளாதார மாணவர், புதுச்சேரி)

ப: 2023-ல் அரசும் மக்களும் சேர்ந்து செலவழித்தது 4.9 லட்சம் கோடி டாலர். நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம். பந்தியில் சோறு மலையாய்க் குவிந்திருக்கிறது. இலை போடுவதில்தான் சண்டை.

கே: மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் போகிறோம். எனக்கு 67. மெடிகேர் உண்டா?
(இல்லத்தரசி, மயிலாடுதுறை)

ப: சுற்றுலா விசாவில் கிடையாது. கிரீன் கார்டு வாங்கித் தொடர்ந்து 5 வருடம் வசித்தால்தான் 65 தாண்டியவர் பணம் கட்டிச் சேர முடியும். பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். பழைய நோய்களுக்கு என்ன தருவார்கள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். அதைத்தான் பொடி எழுத்தில் போடுவார்கள். பிரஷர் மாத்திரையை ஆறு மாதத்துக்கும் டாக்டர் சீட்டோடு எடுத்து வையுங்கள். பேறுகால லேகியத்துக்கு முன் பெட்டியில் ஏற வேண்டியது அதுதான்.

கே: இந்தப் போராட்டத்தில் நம் ஊர் ஆள் யாராவது?
(தமிழ்ச் சங்கச் செயலர், பெங்களூரு)

ப: பிரமிளா ஜெயபால். சென்னையில் பிறந்தவர், மலையாளக் குடும்பம். அமெரிக்க மக்களவை உறுப்பினர். "எல்லோருக்கும் மெடிகேர்" மசோதாவை 2019-ல் கொண்டுவந்தார்; இன்னும் நிறைவேறவில்லை. பிறந்தது 1965. அவருக்கும் மெடிகேருக்கும் ஒரே வயது.

கே: அங்கே நம் ஊர் மாதிரி இலவச மருத்துவ முகாம் உண்டா?
(அரிமா சங்க உறுப்பினர், பொள்ளாச்சி)

ப: உண்டு. நடத்தத் தொடங்கியவர் ஸ்டான் பிராக். இளமையில் தென் அமெரிக்காவின் கயானாவில் மாடு மேய்த்தவர். குதிரையால் படுகாயம்பட்டுக் கிடந்தபோது பக்கத்து டாக்டர் எங்கே என்று கேட்டார். 26 நாள் நடை என்றார்கள். அந்த வலி மறக்காமல், காட்டுக்குள் டாக்டர்களைக் கொண்டுபோக 1985-ல் ஓர் அமைப்புத் தொடங்கினார்.

சில வருடங்களில் அமெரிக்காவிலிருந்தே அழைப்பு வந்தது. வர்ஜீனியாவின் மலை மாவட்டம் ஒன்றில், பொருட்காட்சித் திடலில் முகாம். பல் பிடுங்கவும் கண்ணாடி வாங்கவும் முதல் நாள் இரவே காரில் வந்து படுத்துக்கிடந்தார்கள் ஜனங்கள். காட்டுக்கென்று வைத்திருந்த நாற்காலிகளை அங்கே விரித்தார்கள். 2018-ல் ஸ்டான் பிராக் இறந்தார். அவர் அமைப்பின் முகாம்கள் இன்னும் நடக்கின்றன.