நள்ளிரவில் ஆதவன்

கேள்வி: ஜூன் மாதம் நார்வே தேசம் சென்று, நள்ளிரவுச் சூரியனையும் துருவ ஒளியையும் ஒரே யாத்திரையில் தரிசித்துவர உத்தேசம். சாத்தியமா?
— ஒரு வாசகர், ஸ்ரீராம்புரம், பெங்களூர்

பதில்: அந்நாட்டு டிராம்சோ நகரில் மே 20 வாக்கில் அஸ்தமிக்க மறுக்கும் ஆதவன், ஜூலை 22 வரையில் அந்தப் பிடிவாதத்தை விடுவதில்லையாகையால், இருளிலன்றிப் புலப்படாத துருவ ஒளியை ஜூனில் தேடுவது, மத்தாப்பை உச்சி வெயிலில் கொளுத்திவிட்டு, வர்ணம் தெரியவில்லையென்று கடைக்காரரைக் கோபிப்பதற்கு ஒப்பாகும். இரண்டில் ஒன்றைத் துறந்து, துருவ ஒளியே வேண்டுமாயின் செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே புறப்படுங்கள். ஆயினும் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே சூரியோதயமே கிடையாது என்பதை, நித்திய சூரிய நமஸ்காரக்காரராயின், யோசித்துக்கொள்க. பாஷையைப் பற்றிய பயம் அநாவசியம்: வடகோடியான பின்மார்க் பிரதேசத்து மீன் தொழிற்சாலைகளில் 1980களிலேயே இலங்கைத் தமிழர் வேலைக்கமர்ந்து வழிகாட்டிவிட்டனர். மார்கழிக்கென்று ஸ்ரீராம்புரத்தில் நீங்கள் தரிக்கும் குரங்குக் குல்லாய் மட்டும் போதாது.